ஏற்காட்டு ஏரித் தண்ணீரில் சர்வரைக் குளிர வைக்கலாமா?

எங்கள் மாமா ஒருவருக்கு ஏற்காட்டில் நாகலூர் பக்கம் கொஞ்சம் காப்பித் தோட்டம் இருக்கிறது. நான் சென்னையில் ஒரு டேட்டா சென்டரில், அதாவது சர்வர் என்கிற பெரிய கம்ப்யூட்டர்கள் வரிசையாக ஓடுகிற கட்டடத்தில், அவற்றைக் குளிர வைக்கிற சில்லர் பிளான்ட் பார்க்கிறவன். என் வேலை என்ன என்பது மாமாவுக்கு ரொம்ப நாளாகப் பிடிபடவில்லை. "கம்ப்யூட்டருக்கு ஏசி போடுற வேலைங்க" என்று அத்தை ஒருநாள் சுருக்கமாகச் சொல்லிவிட்ட பிறகு பிடிபட்டுவிட்டது, அதிலிருந்து எப்போது பார்த்தாலும் ஒரே கேள்விதான். "ஏன் மாப்ளே, மெட்ராஸ் வெயில்ல உக்காந்துக்கிட்டு கோடிக்கணக்குல கரன்ட் பில் கட்டுறதுக்கு, நம்ம ஏரிக்கரையில ஒரு கட்டடத்தக் கட்டி ஏரித் தண்ணியையே பைப்புல விட்டா ஆவாதா?" கூடவே வாட்ஸ்அப்பில் வந்த ஒரு வீடியோவையும் காட்டுவார். வெள்ளைக்காரர்கள் ஒரு பெரிய சிலிண்டரைக் கடலுக்குள் இறக்குகிற வீடியோ.

ஆகாது மாமா என்று சொன்னால் விடமாட்டார். சேலத்தில் கூடப் படித்தவர்கள் சிலரும் இதையே கேட்கிறார்கள், ஏஐ ஏஐ என்று பேச்சு வந்த பிறகு இன்னும் அதிகமாகக் கேட்கிறார்கள். அதனால் எல்லாருக்கும் சேர்த்து ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடுகிறேன்.

முதலில் சூட்டுக் கணக்கு. சர்வருக்குள் போகிற கரன்ட் அத்தனையும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வரும். நீங்கள் சினிமா பார்த்தாலும் சரி, பேங்க் பாஸ்புக் பார்த்தாலும் சரி, ஒரு யூனிட் உள்ளே போனால் ஒரு யூனிட் அளவு சூடு வெளியே வந்தே தீரும். அதை அள்ளிக் கட்டடத்துக்கு வெளியே கொட்டுவதுதான் எங்கள் பிழைப்பு. பெரிய இடங்களில் பெரும்பாலும் இது கூலிங் டவரில் நடக்கிறது. சூடான தண்ணீரை மேலிருந்து மழைபோல் கொட்டவிட்டு ஃபேன் போட்டுக் காற்றை இழுப்பார்கள், அதில் கொஞ்சம் தண்ணீர் ஆவியாகிப் போகும், மிச்சம் குளிர்ந்து கீழே தொட்டியில் விழும். மண்பானை எப்படித் தண்ணீரைக் குளிர வைக்கிறதோ அதே சங்கதிதான், அளவு மட்டும் நாலு மாடி உயரம்.

ஒரு யூனிட் சூட்டை இப்படி வெளியேற்ற ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் தண்ணீர் ஆவியாக வேண்டும். இது யாருடைய ஆராய்ச்சியும் இல்லை, பள்ளிக்கூட இயற்பியல், தண்ணீரின் ஆவியாதல் வெப்பத்தை வைத்து நீங்களே வகுத்துப் பார்க்கலாம். ஒரு மெகாவாட் (ஆயிரம் கிலோவாட்) சர்வர் இரவு பகலாக ஓடினால் ஒரு நாளைக்கு 24,000 யூனிட், அதாவது சுமார் 36,000 லிட்டர். பெரிய தண்ணீர் லாரி ஒன்றில் 12,000 லிட்டர் பிடிக்கும் என்று வைத்துக்கொண்டால் மூன்று லாரி தண்ணீர் அப்படியே வானத்துக்குப் போகிறது. இதோடு முடியவில்லை. ஆவியாகிறது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். தங்கத் தங்க டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பின் அளவு) ஏறும், ஒரு அளவுக்கு மேல் ஏறினால் அந்தத் தண்ணீரைத் திறந்துவிட்டுப் புதுத் தண்ணீர் விட வேண்டும். இதற்கு புளோடவுன் என்று பெயர். அதையும் சேர்த்தால் நாலு லாரி ஆகிவிடும். இப்போது கட்டுகிற டேட்டா சென்டர்கள் ஒரு மெகாவாட்டில் நிற்பதில்லை. 30 மெகாவாட் என்றால் ஒரு நாளைக்கு 14 லட்சம் லிட்டர். நகரத்தில் ஆளுக்கு 135 லிட்டர் என்ற அரசுக் கணக்கில் பார்த்தால் பத்தாயிரம் பேருக்கு ஒருநாள் தண்ணீர்.

சேலத்துத் தண்ணீரில் புளோடவுன் இன்னும் அதிகமாகத்தான் வரும். மேக்னசைட் வெட்டி எடுக்கிற ஊர் நம்முடையது, போர் தண்ணீரில் ஓடிய வாட்டர் ஹீட்டரின் காயிலைக் கழற்றிப் பார்த்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை. சில்லர் தன் சூட்டைத் தண்ணீரில் ஏற்றுகிற கன்டென்சர் டியூப்பைத் திறக்கும்போது உள்ளே அதே வெள்ளை ஓடு உட்கார்ந்திருக்கும், விரல் நகத்தால் சுரண்டினால் வராது, ஆசிட் விட்டுத்தான் எடுக்க வேண்டும். அரை மில்லிமீட்டர் படிந்தாலே சில்லர் திணற ஆரம்பித்துவிடும். ஆனால் ஒரு வேடிக்கை, காற்றை மட்டும் பார்த்தால் கூலிங் டவருக்குச் சென்னையை விடச் சேலம் நல்ல ஊர். கூலிங் டவர் வெயிலைப் பார்க்காது, காற்றில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்றுதான் பார்க்கும். ஏப்ரலில் நம் ஊரில் 40 டிகிரி அடித்தாலும் காற்று காய்ந்து கிடக்கும், சென்னையில் 35தான் இருக்கும், சட்டை உடம்போடு ஒட்டிக்கொள்ளும். டவருக்குப் பிடித்த காற்று இங்கே இருக்கிறது, கொட்டுவதற்குத் தண்ணீர்தான் இல்லை.

சரி, ஆவியாக்காமல், ஏரியிலிருந்தோ கடலிலிருந்தோ குளிர்ந்த தண்ணீரை எடுத்து, சூட்டை அதில் ஏற்றி, அப்படியே திருப்பி விட்டுவிட்டால்? மாமா கேட்கிறது இதைத்தான். உலகத்தில் இதைச் செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள்.

பின்லாந்தில் ஹாமினா என்ற ஊரில் மூடிக்கிடந்த ஒரு பேப்பர் மில்லை கூகுள் 2009இல் வாங்கியது. மில்லுக்காக எப்போதோ பாறையைக் குடைந்து கடல் தண்ணீர் வர ஒரு சுரங்கம் போட்டிருந்தார்கள், அதே சுரங்கத்தை வைத்து 2011இலிருந்து சர்வர்களைக் குளிர வைக்கிறார்கள். கடல் தண்ணீர் சர்வர் பக்கமே வராது. நடுவில் ஹீட் எக்ஸ்சேஞ்சர் இருக்கும், ஒரு பக்கம் உப்புத் தண்ணீர், மறுபக்கம் நல்ல தண்ணீர், சூடு மட்டும் கைமாறும். திருப்பி விடுவதற்கு முன்னால் புதுக் கடல் தண்ணீரைக் கலந்து சூட்டைக் குறைத்துத்தான் விடுகிறார்கள். நார்வேயில் நேட்டோ படையின் பழைய வெடிமருந்துக் கிடங்கு ஒன்று மலைக்குள் இருந்தது, அதை கிரீன் மவுன்டன் என்ற கம்பெனி டேட்டா சென்டர் ஆக்கிவிட்டது. பக்கத்திலேயே நிலத்துக்குள் கடல் நீண்டு நுழைந்திருக்கிற ஆழமான ஃபியோர்டு, நூறு மீட்டர் ஆழத்தில் வருடம் முழுக்க 8 டிகிரியில் தண்ணீர்.

எனக்குப் பிடித்தது கனடாவின் டொரன்டோ நகரம் செய்தது. ஒன்டாரியோ ஏரிக்குள் கரையிலிருந்து ஐந்து கிலோமீட்டர் தள்ளி, 83 மீட்டர் ஆழத்தில் குழாய் இறக்கி, 4 டிகிரி தண்ணீரை எடுக்கிறார்கள். 2004இலிருந்து ஓடுகிறது. நகரத்தின் ஆபீஸ் கட்டடங்கள், நடுவில் டேட்டா சென்டர் எல்லாவற்றுக்கும் அந்தக் குளிர் போகிறது. அதே தண்ணீர்தான் பிறகு ஊருக்குக் குடிதண்ணீராகப் போகிறது. எப்படியும் ஊருக்கு எடுக்க வேண்டிய தண்ணீர், போகிற வழியில் கொஞ்சம் சூட்டை வாங்கிக்கொண்டு போகிறது. ஏரிக்குச் சூடாக எதுவும் திரும்பப் போவதில்லை. இதைப் படித்தபோது யோசித்தவன் எவனோ, அவன் கையில் ஒரு காப்பி கொடுக்க வேண்டும் என்று தோன்றியது.

ஆனால் இந்தக் கதை எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே விஷயம்தான் இருக்கிறது: அங்கே குளிர்காலம் வருகிறது. தண்ணீருக்கு 4 டிகிரியில்தான் எடை அதிகம். பனிக்காலத்தில் ஏரியின் மேல்தண்ணீர் குளிர்ந்து கனத்து அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும், கோடையில் மேலே எவ்வளவு வெயில் அடித்தாலும் அந்த ஆழத்துக்குச் சூடு இறங்காது. ஏரியின் அடித்தண்ணீர் என்பது போன குளிர்காலத்தின் சேமிப்பு. நமக்கு அந்தச் சேமிப்புக் கணக்கே கிடையாது. ஏற்காட்டில் ஜனவரி ராத்திரி எவ்வளவு நடுங்கினாலும் ஏரித் தண்ணீர் அந்தக் குளிருக்கு இறங்குவதற்குள் விடிந்துவிடும், வெயில் வந்துவிடும். மாமாவுக்கு நிரூபிப்பதற்காகவே ஒரு மே மாதக் காலையில், போட் ஹவுஸ் தாண்டி ஆள் இல்லாத கரையில் உட்கார்ந்து, ஒயரில் தொங்குகிற வெப்பமானி முனையை எவ்வளவு தூரம் எறிய முடியுமோ அவ்வளவு தூரம் எறிந்து, கீழே போகும் வரை விட்டுப் பார்த்தோம். 25ஐ ஒட்டியே நின்றது, மேலேயும் கீழேயும் பெரிய வித்தியாசம் இல்லை. மாமா அந்த மீட்டர் ரிப்பேர் என்றார்.

அப்புறம் அளவு. ஒரு ஹெக்டேர் பரப்பு, மூன்று மீட்டர் ஆழம் உள்ள ஒரு ஏரியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று கோடி லிட்டர் தண்ணீர். அதில் ஒரே ஒரு மெகாவாட் சூட்டை விட்டால், சூடு எங்கேயும் போகாத பட்சத்தில் ஒரு நாளில் 0.7 டிகிரி ஏறும். ஒன்றும் இல்லை என்று தோன்றும், ஆனால் நாளைக்கும் ஏறும், நாளை மறுநாளும் ஏறும். 30 மெகாவாட் என்றால் முதல் நாளிலேயே 20 டிகிரி. நிஜத்தில் அவ்வளவு ஏறாது, ஏரி தன் சூட்டைக் காற்றில் விட்டுக்கொண்டேதான் இருக்கும். எப்படி விடும்? பெரும்பகுதி ஆவியாகித்தான். நாம் எந்த ஆவியைத் தவிர்க்க வேண்டும் என்று ஏரிக்கு வந்தோமோ, அந்த ஆவி இப்போது டவரிலிருந்து போகாமல் ஏரியிலிருந்து போகும், ஏரியே கூலிங் டவர் ஆகிவிடும். டவரிலாவது எவ்வளவு தண்ணீர் போனது என்று புதுத் தண்ணீர் வருகிற மேக்கப் லைனில் மீட்டர் வைத்துப் பார்க்கலாம். ஏரியில் போனதை யார் அளப்பது? கோடையில் வற்றிவிட்டது என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது.

இன்னொன்று, சூடான தண்ணீரில் ஆக்சிஜன் தங்காது. 20 டிகிரியில் ஒரு லிட்டரில் 9 மில்லிகிராம் கரைந்திருக்கும், 30 டிகிரியில் ஏழரைக்கு இறங்கிவிடும். ஏற்கெனவே ஓட்டல் கழிவும் லாட்ஜ் கழிவும் சேர்கிற தண்ணீரில் இது நடந்தால் பாசிக்குக் கொண்டாட்டம், மீன் செத்து மிதக்கும். அந்த ஏரி நிரம்பி வழிகிற தண்ணீர்தான் கிளியூர் அருவிக்குப் போகிறது என்பதையும் மறந்துவிடக் கூடாது. எங்கள் தொழிலில் இன்னொரு கவலையும் உண்டு, ஏரித் தண்ணீர் வருகிற ஹீட் எக்ஸ்சேஞ்சரின் பிளேட்டுகளைப் பிரித்தால் ஒவ்வொன்றின் மேலும் வழவழவென்று ஒரு படலம், சேற்று நாற்றத்தோடு, துணியால் துடைத்தால் வழுக்கிக்கொண்டு போகும், பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். ஆகாயத்தாமரை வேர் குழாய் வாயில் இருக்கிற ஸ்ட்ரெய்னர் வலையில் சுற்றிக்கொண்டால் அது தனிக் கதை. பின்லாந்துக் கடலில் இந்தத் தொல்லை கொஞ்சமாவது குறைவு, நம் வெதுவெதுப்பில் எல்லாம் செழித்து வளரும்.

ஏற்காடு வேண்டாம், அடிவாரத்தில் கன்னங்குறிச்சியில் இருக்கிற மூக்கனேரி? சேர்வராயன் மலையிலிருந்து இறங்குகிற தண்ணீரால் நிரம்புகிற ஏரி அது. 2010 வாக்கில் ஊர்க்காரர்கள் கூடித் தூர்வாரி, நடுவில் மண்திட்டு போட்டு, மரம் வைத்துக் காப்பாற்றினார்கள், இப்போது பறவைகள் வருகின்றன. அதைத் தொடுகிறேன் என்று யாராவது சொன்னால் கன்னங்குறிச்சிக்காரர்கள் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும், நானும் போய் அவர்களோடுதான் நிற்பேன்.

மாமா கடைசியில் மேட்டூருக்கு வந்தார். "சீனாக்காரன் டேம் தண்ணியில செய்யறானாமே?" உண்மைதான். சியன்தாவ் ஏரி என்று, அணை கட்டியதால் உண்டான ஏரி, அதன் ஆழத்திலிருந்து 17 டிகிரி தண்ணீர் எடுத்து அலிபாபா 2015இல் டேட்டா சென்டர் ஓட்டத் தொடங்கியது. அது இருக்கிற இடத்தில் நல்ல குளிர்காலம் உண்டு, தண்ணீரும் வருடம் முழுக்க ஆழமாக நிற்கிறது. மேட்டூரின் கதை நமக்கெல்லாம் தெரியும். 120 அடி, 93.47 டிஎம்சி. காலையில் பேப்பரைப் பிரித்ததும் நீர்மட்டம் எவ்வளவு என்று பார்க்காத சேலத்துக்காரர் குறைவு, ஒரு வருடம் கரை தொட்டு நிற்கும், இன்னொரு வருடம் உள்ளேயிருந்து பழைய கோயில் நந்தி வெளியே தெரியும். குழாயை எந்த ஆழத்தில் வைப்பது?

இதைவிட முக்கியம், இந்தக் கேள்விக்கு இந்தியாவில் ஏற்கெனவே ஒரு பதில் எழுதி வைத்திருக்கிறார்கள், டேட்டா சென்டருக்காக இல்லை, அனல் மின் நிலையங்களுக்காக. ஆறு, ஏரி, அணைத் தண்ணீரை எடுக்கிற புது அனல் மின் நிலையம் எதுவானாலும் கூலிங் டவர் கட்டியே ஆக வேண்டும், சூட்டுத் தண்ணீரை அப்படியே திருப்பி விடக் கூடாது என்று 1998இலேயே மத்திய அரசு சொல்லிவிட்டது. 2015இல் இன்னும் இறுக்கி, ஏற்கெனவே ஓடுகிற நிலையங்கள் ஒரு மெகாவாட் மணிக்கு, அதாவது ஆயிரம் யூனிட் கரன்டுக்கு, 3.5 கன மீட்டருக்கு மேல் தண்ணீர் எடுக்கக் கூடாது என்று வைத்தார்கள். மேட்டூர் போகிற வழியில் தெரிகிற அந்தப் பெரிய டவர்களைப் பார்த்து நெருப்புப் புகை என்று நினைக்கிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள், அகலமாக இடுப்பு ஒடுங்கி நிற்கிறதிலிருந்து வருவது வெறும் நீராவி, காவிரித் தண்ணீர்.

அந்த 3.5 கன மீட்டரைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுப் பாருங்கள். ஒரு யூனிட் கரன்டுக்கு மூன்றரை லிட்டர். டேட்டா சென்டர் தன் வளாகத்தில் ஒரு யூனிட்டுக்கு ஒன்றரை இரண்டு லிட்டர் குடிக்கிறது என்று நாம் கத்துகிறோம், அதே யூனிட் நிலக்கரியிலிருந்து வந்திருந்தால் அதற்கு மேல் மேட்டூரிலோ எண்ணூரிலோ ஏற்கெனவே குடித்துவிட்டு வந்திருக்கிறது, எண்ணூரில் குடித்தது கடல் தண்ணீராகவாவது இருக்கும். "நாங்கள் தண்ணீரே பயன்படுத்துவதில்லை" என்று சில கம்பெனிகள் போர்டு வைப்பதைப் பார்க்கும்போது எனக்குச் சிரிப்பு வரும். டவரை எடுத்துவிட்டு, சூட்டை நேராகக் காற்றில் விடுகிற ஏர் கூல்டு சில்லர் போட்டிருப்பார்கள், கம்ப்ரசர் கூடுதலாக உழைக்கும், கூடுதல் கரன்ட், தண்ணீர் வேறு ஊரில் ஆவியாகும், அவ்வளவுதான். காற்றாலையும் சோலாரும் அதிகமாக ஓடுகிற நேரத்தில் இந்தக் கணக்கு மாறும், நம் மாநிலத்தில் ஆடிக்காற்று அடிக்கும்போது நன்றாகவே மாறும். ஆனால் சர்வர் ஆடியிலும் ஓடும், ஐப்பசியிலும் ஓடும்.

மாமாவின் வீடியோவுக்கு வருகிறேன். அது மைக்ரோசாஃப்ட் 2018இல் ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுப் பக்கம் இறக்கிய சிலிண்டர், நாட்டிக் என்று பெயர். உள்ளே 864 சர்வர், காற்றுக்குப் பதில் நைட்ரஜன். இரண்டு வருடம் கழித்து 2020இல் மேலே தூக்கினார்கள், நிலத்தில் பழுதாவதில் எட்டில் ஒரு பங்குதான் அங்கே பழுதாகியிருந்தது. ஈரமும் ஆக்சிஜனும் இல்லை, கைவைக்க ஆளும் இல்லை. அந்தக் கடைசிக் காரணத்தை எங்கள் ஷிஃப்டில் சொன்னால் எல்லாரும் சிரிப்பார்கள், ஆனால் மறுக்க மாட்டார்கள். அவ்வளவு நல்ல முடிவு வந்தும் அந்தத் திட்டத்தை அவர்கள் மேற்கொண்டு நடத்தவில்லை. இப்போது வருடத்துக்கு ஒரு புது ஜிபியு (ஏஐக்குக் கணக்குப் போடுகிற சிப்) வருகிற காலம், கடலுக்குள் இறங்கியா அதை மாற்றுவது?

நம் கடலில் குளிர்ந்த தண்ணீரே இல்லையா என்றால், இருக்கிறது. சென்னையில் இருக்கிற தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் 2005இல் லட்சத்தீவின் கவரத்தியில், சுமார் 350 மீட்டர் ஆழத்திலிருந்து 12, 13 டிகிரித் தண்ணீரை எடுத்து, அந்தக் குளிரையும் மேல்தண்ணீரின் சூட்டையும் வைத்தே தினம் ஒரு லட்சம் லிட்டர் குடிதண்ணீர் தயாரித்தது. அந்தக் குளிர் துருவப் பக்கமிருந்து கடலடியில் நகர்ந்து வருவது, ஏரிக்கு அந்த வசதி கிடையாது. ஆனால் கவரத்தியில் கரையை விட்டு இறங்கியதுமே கடல் ஆழமாகிவிடும். சென்னையில் அந்த ஆழத்துக்குப் போகப் படகேறி வெகுதூரம் போக வேண்டும். சேலத்துக்கு? விடுங்கள்.

"அப்ப ஏற்காட்டுக் குளிர் எதுக்குமே லாயக்கில்லையா?" என்று மாமாவுக்கு ஒரு சமயம் கோபமே வந்துவிட்டது. லாயக்குதான் மாமா, குளிர் ஏரியில் இல்லை, காற்றில் இருக்கிறது. சர்வருக்கு உள்ளே போகிற காற்று 18லிருந்து 27 டிகிரி வரை இருந்தால் போதும் என்பது தொழிலில் எல்லாரும் ஏற்றுக்கொண்ட அளவு. ஏற்காட்டில் வருடத்தில் பெரும்பாலான நேரம் வெளிக்காற்றே 27ஐத் தாண்டுவதில்லை. வடிகட்டி உள்ளே விட்டால் கம்ப்ரசரே ஓட வேண்டாம். மேகம் வீட்டுக்குள் நுழைகிற நாட்களில்தான் கஷ்டம், துணி காயாத ஊரில் சர்க்யூட் போர்டு மட்டும் காய்ந்திருக்குமா, அதற்குக் காற்றை நேராக உள்ளே விடாமல் இன்னொரு ஹீட் எக்ஸ்சேஞ்சர் வைக்க வேண்டும். தொழில்நுட்பத்தில் இடமிருக்கிறது. ஆனால் 20 கொண்டை ஊசி வளைவில் ஜெனரேட்டரை எப்படி ஏற்றுவது, டீசல் டேங்கர் எப்படி வரும், 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதை சரிந்து போக்குவரத்து நின்றதே, அந்த மாதிரி நாளில் யார் மேலே வருவார்கள்? பாக்சைட் எடுக்கிறேன் என்று வெட்டிய மலைக்கு இன்னொரு கட்டுமானமும் வேண்டாம். இது என் அபிப்பிராயம், மாமா ஒத்துக்கொள்ள மாட்டார், நிலத்தின் விலை ஏறும் என்று பார்க்கிறார்.

நான் சொல்ல வந்தது உண்மையில் வேறு. குளிர்ந்த தண்ணீர் எங்கே இருக்கிறது என்று தேடுவதே பழைய கேள்வி ஆகிக்கொண்டு வருகிறது. காற்றுக்குப் பதில், சிப்பின் மேலேயே ஒரு செம்புத் தட்டு வைத்து அதற்குள் தண்ணீர் ஓட்டுகிறார்கள். காற்றை விடத் தண்ணீர் சூட்டை வாங்குவதில் பல மடங்கு கெட்டி, அதனால் தண்ணீர் குளிர்ந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. சூரிச்சில் ஐபிஎம் 2010இலேயே 60 டிகிரி வெந்நீர் விட்டு ஒரு சூப்பர் கம்ப்யூட்டரைக் குளிர வைத்துக் காட்டியது. நம்பச் சிரமமாக இருக்கும், குளிக்க முடியாத வெந்நீரில் குளிர வைக்கிறார்கள். சிப் அதைவிடச் சூடாக இருக்கிறது, அவ்வளவுதான். 40, 45 டிகிரித் தண்ணீர் போதும் என்ற நிலை வந்துவிட்டால், சேலத்து வெயிலிலும் பெரிய ரேடியேட்டர் ஒன்றை மொட்டை மாடியில் வைத்து ஃபேன் ஓட்டியே வருடத்தின் பெரும்பகுதியைத் தள்ளிவிடலாம், ஒரு சொட்டும் ஆவியாக வேண்டாம். உச்சி வெயிலில் ஒன்றிரண்டு மாதம் மட்டும் தண்ணீர் தெளிக்க வேண்டியிருக்கும்.

அந்த ஒன்றிரண்டு மாதத் தண்ணீருக்கும் ஏரியைப் பார்க்க வேண்டாம், சாக்கடையைப் பார்த்தால் போதும். சென்னையில் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் ஊர்க் கழிவுநீரை ஆர்ஓ வரைக்கும் சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்குக் குழாயில் அனுப்புகிறார்கள், இரண்டும் தினம் 45 மில்லியன் லிட்டர் திறன் கொண்டவை. 2019இல் சென்னையில் ஏரிகள் எல்லாம் காய்ந்து, ஓஎம்ஆர் கம்பெனிகள் ஆட்களை வீட்டிலிருந்து வேலை பார்க்கச் சொன்ன கோடை நினைவிருக்கும். குடிதண்ணீர் லாரிக்கு ஜனங்கள் குடத்தோடு நிற்கிறபோது அதே லாரி ஆலைக்குள் போவதைப் பார்ப்பது நல்ல காட்சி இல்லை. சேலத்தில் திருமணிமுத்தாறு இருக்கிறது. சேர்வராயன் மலையில் தெளிவாகப் புறப்பட்டு, ஊருக்குள் நுழைந்ததும் சாக்கடையும் சாயத் தண்ணீரும் சேர்ந்து, நுரையோடு காவிரிக்குப் போகிறது. ஜாகீர் அம்மாபாளையத்து ஐடி பார்க்குக்கு நாளைக்கே ஒரு டேட்டா சென்டர் வந்தால், அந்தக் கழிவுநீரைச் சுத்தம் செய்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லலாம். மறுப்பார்கள், செலவு என்பார்கள், மேட்டூர் லைனில் ஒரு கனெக்ஷன் கேட்பார்கள். அங்கேதான் பிடியை விடக் கூடாது.

அமெரிக்காவில் கொலம்பியா ஆற்றங்கரையில் தி டாலஸ் என்ற சின்ன ஊர். அங்கே கூகுள் எவ்வளவு தண்ணீர் எடுக்கிறது என்று ஒரு செய்தித்தாள் கேட்டதற்கு, அது வியாபார ரகசியம் என்று நகராட்சியே கோர்ட்டுக்குப் போனது. 2022 கடைசியில்தான் கணக்கு வெளியே வந்தது. முந்தைய வருடம் 355 மில்லியன் கேலன், அதாவது 130 கோடி லிட்டருக்கு மேல், ஊர் மொத்தப் பயன்பாட்டில் கால் பங்குக்கும் அதிகம். ஆற்றங்கரை ஊருக்கே இந்தக் கதி. இங்கே யாராவது வந்தால் முதல் நாளே கேட்க வேண்டியது மாதாமாதம் மேக்கப் மீட்டர் ரீடிங்கை வெளியிடுவீர்களா என்பதைத்தான்.

வெந்நீரால் குளிர வைப்பதில் இன்னொரு ஆதாயம், வெளியே வருகிற தண்ணீர் 50 டிகிரிக்கு மேல் இருக்கும், அது விற்கக்கூடிய சூடு. குளிர்நாட்டில் வீடுகளைச் சூடாக்கக் கொடுக்கிறார்கள், நமக்கு அது வேண்டாம். ஆனால் காப்பி காய வேண்டுமே, ஜவ்வரிசி காய வேண்டுமே? ஏற்காட்டில் பழம் எடுக்கிற கார்த்திகை மார்கழியில்தான் பனியும் தூறலும், களத்தில் கொட்டை காய்வதற்குள் மாமாவுக்கு உயிர் போய் வரும். ஆத்தூர் வரைக்கும் சேகோ மில்களில் மழைக்காலத்தில் இதே தவிப்புதான். ஒரு மெகாவாட் சூட்டில் பாதியை வீணாக்கினாலும் ஈர ஜவ்வரிசியிலிருந்து ஒரு நாளைக்குப் பதினைந்து டன்னுக்கு மேல் தண்ணீரை வெளியேற்றலாம். எப்படியும் ஏதோ ஒரு தண்ணீர் ஆவியாகத்தான் போகிறது, அது மாவில் இருக்கிற தண்ணீராக இருந்துவிட்டுப் போகட்டுமே. சிக்கல் என்னவென்றால் கோடையில் மில்காரருக்கு இந்தச் சூடு தேவைப்படாது, வெயிலே இலவசமாகக் கிடைக்கிறது, நமக்கோ அப்போதுதான் சூட்டைத் தள்ள இடம் வேண்டும். சூட்டைக் குழாயில் ரொம்ப தூரமும் கொண்டுபோக முடியாது, மில்லும் சர்வரும் ஒரே சுவரை ஒட்டி இருக்க வேண்டும்.

இதை எல்லாம் கேட்ட மாமா ஏரியை விட்டுவிட்டார். ஆத்தூரில் சேகோ மில் வைத்திருக்கிற சம்பந்தியிடம் பேசி, மில்லை ஒட்டி ஒன்றரை ஏக்கர் காலியாக இருக்கிறதா என்று பார்க்கப் போகிறாராம். சர்வரை யார் கொண்டுவருவது என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.